பஞ்சு இல்லாத நாலு வருஷம்

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



போன கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்த நேரம். ஸ்பின்னிங்கில் வேலை செய்யும் ஒரு தோழர் என்னை நிறுத்தினார். "அண்ணே, நீங்கள் பேசுவதெல்லாம் சரிதான். ஆனால் அடுத்த வேளைக்கு அரிசி இல்லாதவனிடம் போய், கடலுக்கு அப்பால் எவனோ படுகிற கஷ்டத்தைச் சொன்னால் அவன் காதில் ஏறுமா? பசி வந்தால் பத்தும் பறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அன்று அவருக்குக் கடைசி பஸ் போய்விடும் என்ற அவசரம். எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. இன்று சொல்கிறேன். என் சொந்த அபிப்பிராயத்தைச் சொல்லப் போவதில்லை. நடந்த ஒரு சரித்திரத்தைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

எந்த ராஜா எந்த ராஜாவை ஜெயித்தான், எந்தத் தளபதி எந்தக் கோட்டையைப் பிடித்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டு யுத்தத்தைப் பற்றியும், ஆப்ரகாம் லிங்கன் அடிமைத்தளையை அறுத்தார் என்பதைப் பற்றியும் சிலர் படித்திருக்கலாம். ஆனால் அந்த யுத்தத்தில் ஒரு குண்டு கூடச் சுடாமல், மூவாயிரம் மைலுக்கு அப்பால், அடுப்பு எரியாத வீடுகளில் இருந்துகொண்டு பங்கெடுத்த ஒரு கூட்டம் உண்டு. அவர்கள் நம்மைப் போன்ற பஞ்சாலைத் தொழிலாளிகள். இங்கிலாந்தில் லங்காஷயர் ஜில்லாவைச் சேர்ந்தவர்கள்.

அடிமை பறித்த பஞ்சு

லங்காஷயர் என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. நம் நாட்டுக் கைத்தறி நெசவாளியின் வாயில் மண்ணைப் போட்ட மல் துணி அங்கிருந்துதான் வந்தது. மான்செஸ்டர், பிரஸ்டன், பிளாக்பர்ன், ஓல்டாம், ஆஷ்டன், ராச்டேல் என்று ஊருக்கு ஊர் ஆலைப் புகைக்கூண்டுகள். 1860-ல் அந்தப் பிரதேசத்துப் பஞ்சாலைகளில் நாலு லட்சம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் ஏராளம். லாபமெல்லாம் ஆலை அதிபர்களுக்கும் லிவர்பூல் துறைமுகத்துப் பஞ்சு வியாபாரிகளுக்கும். தொழிலாளிக்குக் கிடைத்தது சங்கு ஊதும் முன் எழுந்து ஓடுவதும், பஞ்சுத் தூசியில் இருமுவதும்தான். அவர்களுக்கு ஓட்டுரிமை கூடக் கிடையாது.

லங்காஷயரில் ஒரு பருத்திச் செடி கூட முளைக்காது. அவ்வளவு குளிர். அப்படியானால் பஞ்சு எங்கிருந்து வந்தது? அங்கே நூற்ற பஞ்சில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்கு அமெரிக்காவின் தெற்கு மாகாணங்களிலிருந்து வந்தது. அதை விளைவித்தவர்கள் அடிமைகள். 1860-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி அமெரிக்காவில் இருந்த அடிமைகள் சுமார் 40 லட்சம் பேர்.

வயலில் வேலை செய்யும் தோழர்கள் இதைக் கொஞ்சம் மனதில் நிறுத்திப் பாருங்கள். பருத்தி எடுப்பு என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெயிலில் குனிந்த முதுகு. காய்ந்த காயின் முனை குத்திக் கிழித்த விரல். அந்தத் தோட்டங்களில் சாயங்காலம் ஒவ்வொருவர் எடுத்த பஞ்சையும் நிறுத்துப் பார்ப்பார்கள். எடை குறைந்தால் கங்காணியின் சாட்டை பேசும். கூலி என்ற பேச்சே இல்லை. முதலாளிக்குக் கடன் வந்தால் தாயை ஓர் ஊருக்கும் பிள்ளையை வேறு ஊருக்கும் ஏலம் போட்டு விற்றுவிடுவான். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதைப் போல மனிதனின் பல்லைப் பிடித்துப் பார்த்து விலை பேசினார்கள்.

1859-ல் சாரா பார்க்கர் ரெமாண்ட் என்ற கறுப்பினப் பெண்மணி அமெரிக்காவிலிருந்து வந்து இங்கிலாந்து முழுவதும் பிரசாரம் செய்தார். மான்செஸ்டரிலும் பேசினார். உங்கள் தெருக்களில் வண்டி வண்டியாகப் போகும் இந்தப் பஞ்சைக் காணும்போதெல்லாம் அது விளைந்த தோட்டங்கள் என் நினைவுக்கு வருகின்றன, இதை விற்ற பணத்தில் ஒரு காசு கூட உழைத்தவன் கைக்குப் போனதில்லை என்று அவர் சொன்னார். அதைக் கேட்டவர்கள், தாங்கள் நூற்கும் பஞ்சு யார் கையைக் கடந்து வருகிறது என்று தெரிந்துகொண்டார்கள்.

பண்ணைப் பிரபுக்கள் போட்ட கணக்கு

1860 நவம்பரில் லிங்கன் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். புதிய பிரதேசங்களுக்கு அடிமை முறை பரவக் கூடாது என்பது அவர் கட்சியின் கொள்கை. தெற்கத்திப் பண்ணைப் பிரபுக்களுக்கு இது பொறுக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக 11 மாகாணங்கள் பிரிந்து போய்த் தனி சர்க்கார் அமைத்தன. 1861 ஏப்ரல் 12-ந் தேதி யுத்தம் மூண்டது. அடுத்த வாரமே லிங்கன் தெற்குத் துறைமுகங்களைக் கடற்படையால் முற்றுகையிடும்படி உத்தரவிட்டார். பஞ்சு வெளியே போகக் கூடாது, ஆயுதம் உள்ளே வரக் கூடாது என்பது அதன் நோக்கம்.

பண்ணைப் பிரபுக்கள் இதற்காகப் பெரிதும் பயந்துவிடவில்லை. அவர்கள் ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள். யுத்தத்துக்கு மூன்று வருஷம் முன்பே, 1858-ல், தெற்கைச் சேர்ந்த ஹாமண்ட் என்ற செனட்டர், பஞ்சுதான் ராஜா, பஞ்சோடு சண்டை போட உலகத்தில் எவனுக்கும் தைரியம் கிடையாது என்று மார்தட்டினார். பஞ்சு நின்றால் லங்காஷயர் ஆலைகள் மூடும். ஆலை மூடினால் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் பட்டினி கிடப்பார்கள். பட்டினி கிடப்பவன் கலகம் செய்வான். கலகத்துக்குப் பயந்து பிரிட்டிஷ் சர்க்கார் தன் கப்பற்படையை அனுப்பி முற்றுகையை உடைக்கும். இதுதான் கணக்கு. அதைத் துரிதப்படுத்த, முதல் வருஷம் தங்கள் கையிலிருந்த பஞ்சைக் கூடக் கப்பலேற்றாமல் தாங்களே தடுத்து வைத்தார்கள்.

பார்த்தீர்களா, தோழர்களே? "பசி வந்தால் பத்தும் பறக்கும்" என்று நமது தோழர் சொன்னாரே, அதே பழமொழியை நம்பித்தான் அடிமை முதலாளிகள் யுத்தத்தில் இறங்கினார்கள்! அவர்கள் எண்ணிய ஆயுதங்களில் ஒன்று, லங்காஷயர் தொழிலாளியின் காலி வயிறு.

அடுப்பு அணைந்தது

பஞ்சு நின்றதும் ஆலைகள் உடனே மூடவில்லை. 1860-ல் ஆலை அதிபர்கள் அளவுக்கு மீறி உற்பத்தி செய்து, துணி விற்காமல் கிடங்குகளில் குவிந்து கிடந்தது. அதனால் பஞ்சு வரத்து குறைந்தபோது பல பெரிய முதலாளிகளுக்கு உள்ளூர சந்தோஷம்தான். தேங்கிக் கிடந்த துணிக்கும் கையிருப்புப் பஞ்சுக்கும் விலை ஏறியது. யுத்தம் நடந்த காலத்தில் பஞ்சின் விலை மூன்று நாலு மடங்காக உயர்ந்தது. அக்கம்பக்கத்தில் ஜனங்கள் பட்டினி கிடக்கும்போதே, லிவர்பூல் ஊக வியாபாரிகள் இருந்த பஞ்சை அதிக விலைக்கு வெளிநாடுகளுக்குத் திருப்பி ஏற்றுமதி செய்தார்கள்.

தொழிலாளி வீட்டில் என்ன நடந்தது? முதலில் அரை நேர வேலை. பிறகு வாரத்தில் இரண்டு நாள் வேலை. பிறகு ஆலைக் கதவில் பூட்டு. சேமிப்பு கரைந்தது. கடிகாரம் அடகுக்குப் போனது. அப்புறம் நாற்காலி, கட்டில், கம்பளி. குளிர் தேசத்தில் கம்பளியை அடகு வைப்பது என்றால் என்ன என்று நினைத்துப் பாருங்கள். 1862 டிசம்பரில் பஞ்சாலைப் பிரதேசத்தில் நிவாரணத்தை நம்பி உயிர் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேர்!

அந்த நிவாரணமும் சும்மா கிடைக்கவில்லை. நூல் பிடித்துப் பழகிய கை கல் உடைக்க வேண்டும். தார் ஏறிய பழைய கயிற்றைப் பிரித்து நாராக்க வேண்டும். பெண்கள் தையல் வகுப்பில் போய் உட்கார வேண்டும். விசாரணைக்காரர் வீட்டுக்கு வந்து, விற்பதற்கு இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார். மானமாக வாழ்ந்த குடும்பங்களுக்குப் பசியை விட இது பெரிய கொடுமை.

வேலை கிடைத்த சிலருக்கும் நிம்மதி இல்லை. அமெரிக்கப் பஞ்சுக்குப் பதிலாக இந்தியாவிலிருந்து பஞ்சு வந்தது. அதை அங்கே "சூரத் பஞ்சு" என்றார்கள். இழை குட்டை. இடையில் தரகர்கள் எடைக்காகக் கலந்த மண்ணும் கல்லும் வேறு. இயந்திரத்தில் ஏற்றினால் நிமிஷத்துக்கு நிமிஷம் இழை அறும். இழை அறுந்தால் பீஸ் ரேட்டில் கூலியும் அறும். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அக்காலத்தில் ஒரு கதை வழங்கியது. மாதா கோயிலில் பாதிரியார், "ஆண்டவரே, எங்களுக்குப் பஞ்சை அனுப்பும்" என்று ஜபம் செய்தாராம். கூட்டத்திலிருந்து ஒரு தொழிலாளி எழுந்து, "ஆனால் சூரத் பஞ்சு வேண்டாம், ஆண்டவரே!" என்றானாம்.

அடிமைக்காரனுக்குத் துணை போனவர்கள்

பிரிட்டிஷ் ஆளும் வர்க்கத்தில் பெரும்பகுதி தெற்குப் பக்கம் சாய்ந்தது. 1861 மே மாதத்திலேயே சர்க்கார் தெற்கை யுத்தம் செய்யும் உரிமையுள்ள தரப்பாக ஏற்றுக்கொண்டது. அதே வருஷ நவம்பரில், தெற்கின் தூதர்கள் இருவர் ஏறி வந்த பிரிட்டிஷ் கப்பலை வடக்கின் போர்க்கப்பல் நிறுத்தி அவர்களைப் பிடித்துச் சென்றபோது, இங்கிலாந்து யுத்தத்தின் விளிம்புக்கே போய்விட்டது. 1862 ஜூலையில் லிவர்பூலுக்கு எதிர்க்கரையான பர்க்கன்ஹெட்டில் கட்டிய "அலபாமா" என்ற கப்பல் தெற்குக்காகக் கடலில் இறங்கி, வடக்கின் வியாபாரக் கப்பல்களை வேட்டையாடியது. அக்டோபரில் நிதி மந்திரி கிளாட்ஸ்டன் மேடையேறி, தெற்கத்தியார் ஒரு தேசத்தையே உருவாக்கிவிட்டார்கள் என்று புகழ்ந்தார்.

தொழிலாளர் நடுவிலும் பிரசாரம் நடந்தது. "உன் பசிக்குக் காரணம் லிங்கனின் முற்றுகை. அதை உடைக்கச் சொல்லிக் கூட்டம் போடு. நாளைக்கே பஞ்சு வரும், ஆலை ஓடும், கூலி கிடைக்கும்" என்றார்கள். இது பொய்யென்று தள்ளிவிடக் கூடிய பேச்சா? இல்லை. முற்றுகை உடைந்தால் பஞ்சு வரும் என்பது நிஜம். அதுதான் இதில் உள்ள சிக்கல்.

உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாத் தொழிலாளரும் ஒரே குரலில் பேசவில்லை. சில ஊர்களில் முற்றுகையை எதிர்த்துக் கூட்டங்கள் நடந்தன. பசியில் தடுமாறியவர்கள் உண்டு. வேறொரு குழப்பமும் இருந்தது. ஆரம்பத்தில் லிங்கன், இது தேச ஒற்றுமைக்கான யுத்தம் என்றுதான் சொன்னார். அடிமை ஒழிப்புக்கான யுத்தம் என்று சொல்லவில்லை. "பிறகு நாம் எதற்காகப் பட்டினி கிடக்க வேண்டும்?" என்று கேட்டவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

1862 செப்டம்பர் 22-ந் தேதி அந்தக் குழப்பம் தீர்ந்தது. கலகம் செய்யும் மாகாணங்களில் உள்ள அடிமைகள் அனைவரும் 1863 ஜனவரி 1 முதல் சுதந்திர மனிதர்கள் என்று லிங்கன் அறிவித்தார். எது யார் பக்கம் என்பது வெட்ட வெளிச்சமாயிற்று.

அந்த ஒரு ராத்திரி

1862 டிசம்பர் 31. மறுநாள் அந்த அறிவிப்பு அமலுக்கு வரவேண்டும். அன்று ராத்திரி மான்செஸ்டரில், "சுதந்திர வர்த்தக மண்டபம்" என்ற பெரிய கட்டடத்தில் தொழிலாளர்கள் கூடினார்கள். பட்டினி உச்சத்தில் இருந்த மாதம் அது.

அந்த மண்டபம் நின்ற இடம் எது தெரியுமா? 1819 ஆகஸ்ட் 16-ந் தேதி அதே மைதானத்தில் சுமார் 60,000 ஜனங்கள் ஓட்டுரிமை கேட்டுக் கூடினார்கள். குதிரைப்படை வாளோடு பாய்ந்தது. பதினைந்து பேருக்கு மேல் செத்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் காயமடைந்தார்கள். "பீட்டர்லூ படுகொலை" என்று சரித்திரத்தில் அதற்குப் பெயர். அந்த ரத்தம் சிந்திய மண்ணின் மேல்தான், 43 வருஷம் கழித்து, இன்னும் ஓட்டுரிமை பெறாத தொழிலாளர்கள் வேறொரு கண்டத்து அடிமைகளுக்காகக் கூடினார்கள்.

தலைமை வகித்தவர் நகர மேயர் ஏபல் ஹேவுட். இவர் சாதாரண மேயர் அல்ல. பத்திரிகைகளுக்கு சர்க்கார் முத்திரை வரி போட்டிருந்த காலத்தில், வரி கட்டாத ஏழைகளின் பத்திரிகையை விற்றதற்காக 1832-ல் சிறைக்குப் போனவர்.

அந்தக் கூட்டம் லிங்கனுக்கு ஒரு கடிதத்தை நிறைவேற்றியது. அதன் சாரம் இதுதான்: அடிமைகளின் விலங்கை உடைக்க நீங்கள் எடுத்த நடவடிக்கைகளை நாங்கள் பாராட்டுகிறோம். பாதியில் நிறுத்திவிடாதீர்கள். மனிதனை மனிதன் சொத்தாக வைத்துக்கொள்ளும் இந்தக் களங்கம் உங்கள் ஆட்சியில் முற்றிலும் துடைக்கப்பட்டால், உங்கள் பெயர் என்றைக்கும் நிலைக்கும்.

எங்களுக்குப் பஞ்சு அனுப்பு என்று கேட்கக் கூடியிருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் அதைக் கேட்கவில்லை. வேலையைக் கடைசி வரை முடி என்று கேட்டார்கள்.

1863 ஜனவரி 19-ந் தேதி லிங்கன் பதில் எழுதினார். "மான்செஸ்டர் தொழிலாளர்களுக்கு" என்று விலாசமிட்ட கடிதம் அது. அடிமைத்தனத்தின் மீது கட்டப்பட்ட ஒரு சர்க்காருக்கு ஐரோப்பாவின் ஆதரவு கிடைக்கும் என்று நம்பியே இந்தக் கலகம் நடத்தப்படுகிறது என்பதையும், அதனால் ஐரோப்பியத் தொழிலாளிக்கு நேர்ந்த சோதனை எவ்வளவு கடுமையானது என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். இத்தகைய சோதனையில் நீங்கள் காட்டிய உறுதி எந்தக் காலத்திலும் எந்த நாட்டிலும் மிஞ்சப்படாத வீரம் என்று எழுதினார். யுத்தத்தை நடத்துகிற ஒரு ஜனாதிபதி, ஓட்டுரிமை கூட இல்லாத வேற்று நாட்டு ஆலைத் தொழிலாளிக்கு எழுதிய வார்த்தை இது!

வெறும் வார்த்தையோடு நிற்கவில்லை. அடுத்த மாதம், 1863 பிப்ரவரியில், "ஜார்ஜ் கிரிஸ்வோல்ட்" என்ற கப்பல் அமெரிக்க ஜனங்கள் திரட்டிய மாவையும் மற்ற உணவுப் பொருள்களையும் ஏற்றிக்கொண்டு லிவர்பூல் வந்து சேர்ந்தது. அந்தக் காலத்து மாவுப் பீப்பாய் ஒன்றை ராச்டேல் நகரம் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது.

அவர்கள் ஊமைகள் அல்ல

சிலர் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்வார்கள். லங்காஷயர் தொழிலாளி பொறுமையின் திலகம், வாய் திறக்காமல் பட்டினி கிடந்த சாது என்பார்கள். முதலாளிகளுக்குப் பிடித்த கதை அது. நடந்தது அப்படி அல்ல.

1863 மார்ச் மாதம் ஸ்டேலிபிரிட்ஜ் என்ற ஊரில் நிவாரணக் கமிட்டி, கொடுத்துவந்த தொகையைக் குறைத்து, ரொக்கத்துக்குப் பதில் டிக்கெட் தருவோம் என்றது. அந்த டிக்கெட்டைக் கடையில் கொடுத்துச் சாமான் வாங்கிக்கொள்ள வேண்டும். நாங்கள் என்ன குழந்தைகளா, எங்கள் கையில் காசு கொடுத்தால் என்ன என்று தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். கல் பறந்தது. கடைகளும் நிவாரணக் கிடங்கும் உடைக்கப்பட்டன. குதிரைப்படை வந்தது. பலர் கைதானார்கள்.

ஆகவே, அவர்களுக்குக் கோபம் இல்லாமல் இல்லை. அந்தக் கோபத்தை எங்கே திருப்ப வேண்டும் என்று அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்திருந்தது. தங்களை அவமதித்த உள்ளூர்க் கமிட்டியின் மேல் திருப்பினார்கள். கல்லடிபட்டவன் கமிட்டிக்காரன், தென் அமெரிக்க மாகாணத்து அடிமை அல்ல. அந்த வருஷமே பார்லிமெண்ட் பொது வேலைகளுக்குக் கடன் கொடுக்கும் சட்டம் செய்தது. சாக்கடைகள், சாலைகள், பூங்காக்கள் கட்ட வேலையில்லாதவர்களைக் கூலிக்கு அமர்த்தினார்கள். ஓல்டாம் நகரத்து அலெக்சாண்டிரா பூங்கா அப்படி ஆலைத் தொழிலாளர் கையால் உருவானது.

ஆளும் வர்க்கத்தின் கையும் கட்டுப்பட்டது. 1863 மார்ச்சில் லண்டன் தொழிற்சங்கங்கள் வடக்கை ஆதரித்துப் பெருங்கூட்டம் நடத்தின. அதே ஜூன் மாதம் தெற்கை அங்கீகரிக்க வேண்டுமென்று ரோபக் என்ற அங்கத்தினர் பார்லிமெண்டில் கொண்டுவந்த தீர்மானத்தை அவரே வாபஸ் வாங்க நேர்ந்தது. யுத்த நிலவரம், ஆளுவோரின் சொந்த லாப நஷ்டக் கணக்கு என்று பல காரணங்கள் அதற்கு உண்டு. ஆனால் பசித்தவர்களின் பெயரைச் சொல்லி முற்றுகையை உடைக்கலாம் என்ற வழி அடைபட்டது, பசித்தவர்களே எழுந்து "எங்கள் பெயரைச் சொல்லாதே" என்றதனால்தான்.

அந்த நாட்களில் மான்செஸ்டரிலேயே ஒரு பஞ்சு நூல் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் ஏங்கெல்ஸ். லண்டனிலிருந்து மார்க்ஸ் இந்தப் போராட்டத்தைப் பத்திரிகைகளில் எழுதிவந்தார். 1864 செப்டம்பர் 28-ந் தேதி லண்டனில் முதலாவது சர்வதேசத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, அதன் துவக்க உரையில் மார்க்ஸ் இதைக் குறிப்பிட்டார். அட்லாண்டிக்குக்கு அப்பால் அடிமை முறையைக் காக்கும் படையெடுப்பிலிருந்து ஐரோப்பாவைக் காப்பாற்றியது ஆளுவோரின் புத்திசாலித்தனம் அல்ல, இங்கிலாந்துத் தொழிலாளர்களின் எதிர்ப்பே என்றார்.

நம் கரிசல் காட்டுக்கும் ஒரு பங்கு

தோழர்களே, இந்தக் கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. "சூரத் பஞ்சு" என்று சொன்னேனே, அதை விளைவித்தவர்கள் யார்? குஜராத்தின், தக்காணத்தின் விவசாயிகள். நம் திருநெல்வேலிச் சீமையின் கரிசல் பஞ்சும் தூத்துக்குடி வழியாகக் கப்பலேறியது. 1860-க்கும் 1866-க்கும் இடையில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன பஞ்சு ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று. பம்பாயில் பணம் மழையாகக் கொட்டியது. பங்கு வியாபாரமும் புதுப்புது கம்பெனிகளும் காளான் போல முளைத்தன.

விவசாயிக்கு என்ன மிச்சம்? விலை ஏறியபோது லேவாதேவிக்காரன் வலிய வந்து கடன் கொடுத்தான். சோளமும் கம்பும் போட்ட நிலத்தில் பருத்தி போட்டார்கள். 1865-ல் அமெரிக்க யுத்தம் முடிந்தது. பஞ்சு விலை சரிந்தது. பம்பாயில் கம்பெனிகள் மண்ணைக் கவ்வின. விலை இறங்கியது, கடன் இறங்கவில்லை. தக்காணத்தில் சர்க்கார் நிலவரியையும் ஏற்றி வைத்தது. பத்து வருஷம் பொறுத்தார்கள். 1875 மே மாதம் பூனா ஜில்லாவில் சூபா என்ற ஊரில் ஆரம்பித்து, பூனா, அகமத்நகர் ஜில்லாக்களில் விவசாயிகள் திரண்டெழுந்தார்கள். பெரும்பாலும் அவர்கள் கேட்டது ஒன்றுதான்: கடன் பத்திரத்தை எடு! வாங்கிய பத்திரங்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள்.

பாருங்கள், ஒரே பஞ்சு. அமெரிக்காவில் அது அடிமையின் முதுகில் சாட்டையாக விழுந்தது. லங்காஷயரில் ஆலைக் கதவில் பூட்டாகத் தொங்கியது. தக்காணத்தில் கடன் பத்திரமாக வந்தது. மூன்று இடத்திலும் வியாபாரி பிழைத்தான். ஒருவரையொருவர் கண்ணால் கூடப் பார்த்திராத அந்த மூன்று பேரும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தார்கள்.

கேள்விக்குப் பதில்

யுத்தம் முடிந்தது. தங்கள் விடுதலைக்காகத் தாங்களே துப்பாக்கி ஏந்தி வடக்கின் சேனையில் சேர்ந்த கறுப்பினச் சிப்பாய்கள் மட்டும் சுமார் 1,80,000 பேர். 1865 டிசம்பரில் அரசியல் சட்டத்தைத் திருத்தி அமெரிக்கா முழுவதும் அடிமை முறையை ஒழித்தார்கள். அதோடு எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. விடுதலை பெற்றவர்களுக்கு நிலம் கொடுக்கவில்லை. பழைய பண்ணையாரிடமே வாரத்துக்கு உழுது கடனில் மாட்டிக்கொண்டார்கள். நிலமில்லாத விடுதலை எப்படிப்பட்டது என்று இங்கே உட்கார்ந்திருக்கும் விவசாயத் தொழிலாளிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் தாயையும் பிள்ளையையும் ஏலம் போடும் சந்தை மூடியது. அது சின்ன விஷயம் அல்ல.

லங்காஷயரில் மறுபடி பஞ்சு வந்தது. ஆலைச் சங்கு ஊதியது. 1867-ல் நகரத் தொழிலாளிகளில் பெரும் பகுதி ஆண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. பிறர் விடுதலைக்காக இவ்வளவு உறுதி காட்டியவனுக்கு ஓட்டுப் போட யோக்கியதை இல்லை என்று அதற்குமேல் எந்த முகத்தோடு சொல்வது? பெண்கள் இன்னும் அரை நூற்றாண்டு போராட வேண்டியிருந்தது.

மான்செஸ்டர் நகரத்தின் நடுவில் இன்று லிங்கன் சிலை ஒன்று நிற்கிறது. பீடத்தில் அந்தக் கடிதத்தின் வாசகங்களைப் பொறித்திருக்கிறார்கள். லிங்கன் சிலைகள் உலகத்தில் எத்தனையோ உண்டு. பட்டினி கிடந்த பஞ்சாலைத் தொழிலாளிக்கு அவர் எழுதிய கடிதத்தைத் தாங்கி நிற்பதுதான் இந்தச் சிலையின் பெருமை.

போன மாதம் என்னிடம் கேள்வி கேட்ட தோழர் அதோ, தூண் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குச் சொல்கிறேன். தோழரே, பசி வந்தால் பலதும் பறக்கத்தான் செய்கிறது. கடிகாரம் போகிறது, கட்டில் போகிறது, கம்பளி போகிறது. லங்காஷயரிலும் போயிற்று. சிலருக்கு உறுதியும் போயிற்று. ஆனால் எல்லாருக்கும் எல்லாமும் போய்விடவில்லை. அடுத்தவனின் விலங்கில்தான் உன் சோறு இருக்கிறது என்று ஒருவன் வந்து சொன்னபோது, அந்த வீடுகளில் இருந்தவர்கள் அவனை ஏற இறங்கப் பார்த்தார்கள். நேற்று வரை நம் கூலியைக் குறைத்தவன் இன்றைக்கு ஏன் நம் பசிக்காக அழுகிறான் என்று யோசித்தார்கள். அப்படி யோசிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. அவர்களில் எத்தனையோ பேருக்குத் தங்கள் பெயரை எழுதக் கூடத் தெரியாது.

நமக்கும் இப்படிப்பட்ட ஆட்கள் வருவார்கள். வேற்றூரான் வந்ததால்தான் உனக்கு வேலை இல்லை என்பான் ஒருவன். கீழ்ச்சேரிக்காரன் கூலி கேட்பதால்தான் உனக்கு வாரம் குறைகிறது என்பான் இன்னொருவன். அப்போது ஒரு நிமிஷம் 1862-ஆம் வருஷத்தின் கடைசி ராத்திரியை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே பனி. வீட்டில் அடுப்பு அணைந்திருக்கிறது. மண்டபத்துக்குள்ளே, கந்தல் கோட்டுப் போட்ட ஆலைத் தொழிலாளிகள் கையைத் தூக்கி, பாதியில் நிறுத்தாதே என்று கடல் கடந்து சொல்லி அனுப்புகிறார்கள்.

அந்தக் கைகள் நம்முடையதைப் போலப் பஞ்சு பிடித்த கைகள்தான்.